கொள்ளியோடு நின்றவன்

கனகசபாபதி அன்று செருப்பைக் கழற்றவும் மறந்து மடத்துக்குள் வந்துவிட்டார்.

கையில் அன்றைய நாளிதழ். முதல் பக்கம் வெளியே தெரியும்படி மடித்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே நாலு பேருக்குப் பிரித்துக் காட்டியிருப்பார் போலிருக்கிறது, மடிப்பு நைந்து போயிருந்தது.

மடத்தை நடத்திவந்த மரகதம்மா முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது இன்னும் நிறையவில்லை. சபாபதிக்கோ ஐம்பத்தெட்டு. ஆனாலும் இவர் அவரை 'அம்மா' என்பார், அவர் இவரை 'அண்ணா' என்பார். ஊசிப்பாறை மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த அந்தச் சின்ன மடத்தில் ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

"செருப்புங்கண்ணா," என்றார் மரகதம்மா.

சபாபதி திரும்பிப்போய்க் கழற்றிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் பேப்பரைக் கீரைமுறத்தின் மேலேயே விரித்தார்.

"பாருங்கம்மா. நல்லாப் பாருங்க."

மரகதம்மா பார்த்தார்.

மலைச்சரிவு. அதற்குப் பின்னால் வானத்தையே காணோம், அவ்வளவு புகை. அடியில் கறுப்பு, நடுவில் செம்மண் நிறம், உச்சியில் பழுப்பு. அந்தப் புகைக்கு முன்னால் ஒரு மனிதன். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான் உடுப்பு. குனிந்து, கையிலிருந்த கொள்ளியைக் காய்ந்த புல்லில் வைக்கிறான். முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. தீ வெளிச்சத்தில் கண் இரண்டும் பளபளக்கின்றன.

'காட்டுக்குக் கொள்ளி வைத்தவன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, படம்: கனகசபாபதி.

"நீங்க எடுத்ததுங்களா?"

"நான்தான். தலைப்பும் நான் வெச்சதுதான்."

"புகை நல்லா விழுந்திருக்குதுங்க."

"புகையை விடுங்கம்மா! அவன் மூஞ்சியைப் பாருங்க. இருபது கிலோமீட்டர் காடு. எத்தனை மரம், எத்தனை குருவி, எத்தனை உசுரு. ஒரு கொள்ளிக்கட்டையில முடிச்சுட்டான் பாவி."

சபாபதியின் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. டவுனில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. அதை மகனிடம் விட்டுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் வந்தார். முதலில் குருவி எடுத்தார், அருவி எடுத்தார். பிறகு அருவி நின்றுபோனது. ஐப்பசி மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது. பங்குனியில் எப்போதாவது தெரிகிற புகை மாசியிலேயே தெரிந்தது. போன வருஷம் மூன்று தடவை. இந்த வருஷம் இது நாலாவது.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் படத்தைக் காட்டினார். பூமி சூடாகிறது என்றார். மழை இடம் மாறிப் போகிறது என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் டீ கொடுத்து அனுப்பினார்கள். ஒரு ஈ காக்கா அசையவில்லை.

"ஆறு வருஷமா யாரைத் திட்டுறதுன்னே தெரியாமத் திட்டிட்டு இருந்தேன்," என்றார் சபாபதி. "இன்னிக்கு ஆள் கிடைச்சுட்டான். செவணன்னு பேராம். மேல ஈச்சம்பதின்னு ஒரு மலைக்குடியிருப்பு, அந்த ஊர்க்காரன். பேப்பர் வந்த அரை மணி நேரத்துல பாரஸ்ட் ஜீப்பு கிளம்பிருச்சு, ஆளை அள்ளிப் போட்டுட்டு வந்துட்டாங்க. எல்லாம் என் படத்தாலங்கம்மா!"

மரகதம்மாவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"போயாச்சு. ஞாயித்துக்கிழமை எனக்கு டவுன்ஹால்ல விருது. பசுமைச் சங்கத்துல கொடுக்கிறாங்க. அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கோணும். எல்லாரையும் மன்னிக்கச் சொல்றீங்களே, இவனையும் மன்னிக்கோணுமா? என்னால ஆகாதுங்கம்மா. அது தப்பா?"

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்கிறவர் முதலில் முற்றத்தைக் கூட்டவேண்டும். கலெக்டரே வந்தாலும் சரி, விளக்குமாறு கைக்கு வந்துவிடும். பாதிப் பேருக்குக் கூட்டி முடிப்பதற்குள் கேள்வியே மறந்து போகும்.

மரகதம்மா விளக்குமாற்றைக் கண்ணால் காட்டினார்.

சபாபதி கேமராப் பையை வாசல் கல்லில் வைத்துவிட்டுக் கூட்டினார். வேப்பஞ்சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. மரம் அந்த வருஷம் முழுக்க உதிர்ந்துவிட்டிருந்தது. கோபத்தில் கூட்டினால் குவியாது. அவர் தள்ளிய தள்ளலில் சருகெல்லாம் மரத்தடியிலிருந்து வாசல் கல் வரைக்கும் ஒரு நீள வரப்பாகக் கிடந்தது.

"எத்தனை படமுங்கண்ணா எடுத்தீங்க, அன்னிக்கு?"

"பதினேழு."

"மத்த பதினாறு?"

"சரியா வரலைங்க. வெறும் புகை. ஒண்ணுல முதுகு, ஒண்ணுல மரம் மறைச்சுருச்சு. கல்யாண வீட்டுல நூறு எடுப்போம், ஒண்ணைத்தானே பெருசு பண்ணி மாட்டுவோம்."

"எங்க இருந்து எடுத்தீங்க?"

"ரோட்டுல இருந்துதான். பெரிய லென்சு. அரை கிலோமீட்டர் இருக்கும்."

"எடுத்து முடிச்சுட்டு ஏறிப்போயி, ஏனப்பா கொளுத்துறேன்னு கேட்டீங்களா?"

சபாபதிக்குச் சுருக்கென்றது. "கேக்க என்னம்மா இருக்குது? கண்ணால பார்த்தேனே!"

மரகதம்மா எழுந்தார். அடுப்படிக்குப் போனார். தேங்காய்மட்டையில் ஒரு துண்டு நெருப்பு எடுத்துவந்து, சருகு வரப்பின் மரத்தடி முனையில் வைத்தார்.

பங்குனி வெயிலில் காய்ந்த சருகு. 'சடசட'வென்று பிடித்தது. காற்றும் வாசல் பக்கமாகத்தான் அடித்தது. தீ மெல்ல வரப்பின் மேல் ஏறி, வாசல் கல்லை நோக்கி வர ஆரம்பித்தது.

"அம்மா! கேமரா!"

"ஆமாங்க."

"ரெண்டு லட்ச ரூபாய்ப் பொருளுங்கம்மா!"

சபாபதி பையை எடுக்க ஓடினார். மரகதம்மா குறுக்கே நின்றார்.

"எடுக்கக் கூடாதுங்க. அதைக் காப்பாத்துங்க."

"எடுத்தாத்தானே காப்பாத்த முடியும்!"

"கேமராவை எடுத்துக்கலாம். ஒரு ஊரை எடுத்து இடுப்புல வெச்சுக்க முடியுமா?"

சபாபதிக்குப் புரியவில்லை. கிணற்றைப் பார்த்தார். அது மாசியிலேயே வற்றிவிட்டது. விளக்குமாற்றால் ஓங்கி அடித்தார். பொறி பறந்து இரண்டு இடத்தில் புதிதாகப் பிடித்தது. விளக்குமாறும் நுனியில் பிடித்துக்கொண்டது. உதறிக் கீழே போட்டார்.

"அம்மா, விளையாடாதீங்க!"

மரகதம்மா நிதானமாக நடந்து வாசல் கல்லுக்குப் போனார். பைக்கு முன்னால் கிடந்த சருகைக் காலால் சீய்த்து, ஒரு முழத்துக்கு வெறும் மண்ணாக்கினார். அந்த வெறும் மண்ணில் நின்றுகொண்டு, கையிலிருந்த தேங்காய்மட்டையில் மிச்சமிருந்த நெருப்பைக் குனிந்து எதிரே கிடந்த சருகில் வைத்தார்.

"இங்கயும் வைக்கிறீங்களே!" என்று கத்தினார் சபாபதி.

சின்னத் தீ பிடித்தது. பின்னால் வர அதற்கு வழியில்லை, வெறும் மண். முன்னால் பெரிய தீ வந்துகொண்டிருந்தது. பெரியது நெருங்க நெருங்கக் காற்றை உறிஞ்சியது. சின்னது அதன் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து போனது. இரண்டும் ஒரு இடத்தில் முட்டின. ஒரு ஆள் உயரத்துக்கு எழும்பின. பிறகு தின்ன ஒன்றுமில்லாமல் அப்படியே படுத்துவிட்டன.

கறுப்புச் சாம்பல் கொஞ்சம் பறந்து கேமராப் பையின் மேல் விழுந்தது. பை சுடவில்லை.

"எங்கப்பன் காட்டுல தீத்தடுப்புக் கூலி," என்றார் மரகதம்மா. "பங்குனி சித்திரையில வீட்டுல இருக்கமாட்டாரு. நான் தண்ணிக்குடம் சுமந்துட்டுப் பின்னாலயே போவேன். வர்ற தீயை இப்படித் தீ வெச்சே அவிக்கிறதை எதிர்த்தீன்னு சொல்லுவாங்க. இப்பப் படத்தைப் பாருங்கண்ணா."

சபாபதி பேப்பரை எடுத்தார்.

செவணனின் கால்களைப் பார்த்தார். அவை நின்ற இடத்தில் புல் இல்லை. மண்வெட்டியால் செதுக்கிய வெறும் மண். அவன் வைத்த தீயைப் பார்த்தார். அது அவன் பக்கம் வரவில்லை. புகை இருந்த பக்கம் சாய்ந்திருந்தது.

பையைத் திறந்து கேமராவை எடுத்தார். பதினேழையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நான்காவதில் தீ உச்சியில் இருந்தது, மனிதனே இல்லை. ஏழாவதில் நாலைந்து பேர் முதுகு காட்டி மண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றாவது, பேப்பரில் வந்தது. அதன் கீழ்ப்பக்கத்தில் ஆறு குடிசைகள் இருந்தன.

"இது பேப்பர்ல இல்லையே," என்றார் எட்டிப் பார்த்த மரகதம்மா.

"வெட்டிட்டேன்," என்றார் சபாபதி. "கண்ணை அந்தப் பக்கம் இழுக்குதுன்னு... நான்தான் வெட்டிட்டேன்."

பதினேழாவதில் தீ இல்லை. கறுத்த சரிவுக்குக் கீழே ஆறு குடிசைகளும் அப்படியே நின்றன. ஒரு பெண் சொம்பில் தண்ணீர் நீட்ட, அந்த மனிதன் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

சபாபதி வேப்பமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் சன்னிதியில உக்காந்துக்கறேங்கம்மா," என்றார். "மூணு நாள் பச்சைத்தண்ணி குடிக்காம கிடக்கறேன். இந்தப் பாவம் தீரட்டும்."

மரகதம்மா அதட்டி யாரும் கேட்டதில்லை. அன்று அதட்டினார்.

"அவன் லாக்கப்புல உக்காந்திருக்கான். நீங்க சன்னிதியில உக்காரப் போறீங்களா? எந்திரிங்க!"

சபாபதி எழுந்தார்.

"சொன்னா என் பேரு போயிருமேங்கம்மா," என்றார், சிறு குரலில். "முப்பது வருஷப் பேரு. பேப்பர்ல கேப்பாங்க. பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமை..."

மரகதம்மா பையின் மேலிருந்த சாம்பலைத் தட்டி, அவர் தோளில் மாட்டிவிட்டார். பிறகு கீரை உருவ உட்கார்ந்துவிட்டார்.

*

வனத்துறை அதிகாரியின் ஆபீஸ் வாசலில் ஒரு புளியமரம். அதன் வேரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினேழாவது படத்தில் சொம்பு நீட்டியவள். சபாபதிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நீங்க செவணன் வீட்டம்மாங்களா?"

"மருதி. நீங்க யாரு?"

சொல்லாமல் தாண்டிப் போயிருக்கலாம். கால் போகவில்லை.

"அந்தப் படத்தை எடுத்தவன்."

மருதி எழுந்து நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். தோளிலிருந்த பையைப் பார்த்தாள்.

"இதுலயா எடுத்த?"

"ஆமாம்மா. தெரியாம எடுத்துட்டேன். என்னை மன்னிச்சு..."

"அத வெச்சு நான் என்ன பண்ணட்டும்? ஆக்கித் திங்கட்டுமா? மன்னாப்புக் கேக்கறவன் எங்கிட்டக் கேட்டு என்ன ஆகுது, உள்ள போயிக் கேளு!"

சபாபதி தலையைக் குனிந்தார். அவள் விடவில்லை.

"எங்க பதியில கரண்டு இல்ல. காரு இல்ல. ராத்திரிக்கு ஒத்தை சோலாரு வெளக்கு, அதுவும் வெயில்ல காயப்போட்டு எரியறது. முன்ன தீ வந்தா சோலை ஈரத்துல தானா அவிஞ்சுபோகும். எங்கப்பன் தீயப் பாத்துப் பயந்ததே இல்ல. இப்பச் சோலைக்குள்ள கால் வெச்சா அப்பளம் மாதிரி நொறுங்குது. தேனு இல்ல, ஓடை இல்ல, கெழங்கு வெரல் மொத்தம். அத்தனையும் காயவெச்சது ஆரு? நாங்களா? காயவெச்சவன் எங்கயோ குளுகுளுன்னு உக்காந்திருக்கான். அவிக்கப் போனவன் உள்ள கெடக்குறான். நீ படம் புடிக்கற!"

சபாபதி உள்ளே போனார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டார். டீ சொன்னார்.

"வாங்க சார், வாங்க! உங்களாலதான் எங்க மானம் பொழைச்சுது. மேல இருந்து காலையிலயே போன் மேல போன். ஆளைப் பிடிச்சாச்சுன்னு சொல்லியாச்சு."

"அது தப்பான ஆளுங்க. அவன் வெச்சது எதிர்த்தீ. பதினேழு படம் இருக்குது, பாருங்க. தீ முதல்ல உச்சியில இருந்துதான் வந்துச்சு. அவன் ஊரைக் காப்பாத்தியிருக்கான்."

அதிகாரி படங்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேமராவை மேசையில் வைத்தார்.

"சார், கொள்ளி வைத்தவன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"இப்ப இல்லைங்கறதும் நீங்கதான்."

"ஆமாங்க. அன்னிக்கு நான் எழுதினது பொய். தெரியாமச் சொன்னாலும் பொய் பொய்தானுங்களே."

"எதிர்த்தீன்னாலும் அனுமதி வேணும் சார். யாரைக் கேட்டு வெச்சான்?"

"உச்சியில இருந்து வந்த தீ உங்களைக் கேட்டுட்டுங்களா வந்துச்சு?"

அதிகாரி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். தலைக்கு மேல் மின்விசிறி வெந்த காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி. இவன் இல்லை. அப்ப யாரு? நீங்களே சொல்லுங்க. இப்பவே ஜீப்பை அனுப்புறேன்."

சபாபதி வாயைத் திறந்தார். பள்ளிக்கூடங்களில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வராத ஐப்பசி மழை. வருஷா வருஷம் ஏறும் வெயில். வற்றிப்போன அருவி. இதற்கெல்லாம் ஒரு பெயர், ஒரு விலாசம் சொல்லத் தெரியவில்லை. டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் அதிகாரி. "எனக்கு எழுத ஒரு ஆள் வேணும் சார். மழையைப் பிடிச்சு உள்ள போட முடியுமா?"

"அதுக்காகக் கையில கிடைச்சவனைப் போடுவீங்களா?"

"நீங்கதானே கையில கொடுத்தீங்க!"

அதற்கு மேல் சபாபதி வாதாடவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். என் படத்தை நானே வெட்டினேன், என் தலைப்பு பொய், இவன் தீயை அணைத்தவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்று அங்கே கொடுத்தார். ஒன்றைப் பெரிய அதிகாரிக்குக் கொண்டுபோனார். ஒன்றைப் பேப்பர் ஆபீசுக்கு.

"சபாபதி சார், இதைப் போட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்," என்றான் அங்கிருந்தவன்.

"போடு தம்பி. முதல் பக்கத்துல போடு. அவன் படத்தை அங்கதானே போட்டீங்க."

"முதல் பக்கம் விளம்பரத்துக்குப் போயிருச்சுங்க சார்."

மறுநாள் ஒன்பதாம் பக்கத்து மூலையில், நகைக்கடைத் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி வந்தது. அதையும் சங்கத்தார் எப்படியோ படித்துவிட்டார்கள். விருது இந்த வருஷம் இல்லை என்று போன் வந்தது. மகன் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க, கஸ்டமர் எல்லாம் கேக்கறாங்க," என்றான்.

நாலாம் நாள் மதியம் செவணனை விட்டார்கள்.

சபாபதி புளியமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தார். அவன் வெளியே வந்தான். கன்னத்தில் வீக்கம். மருதி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சபாபதியையும் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கி மலையைப் பார்த்தான்.

"காத்து திரும்பியிருக்குது," என்றான். "மேக்கால தீக்கோடு செதுக்கியாச்சா?"

"ஆம்பளைங்க மேல காவல் நிக்கறாங்க. பொம்பளைங்கதான் செதுக்கறோம். பாதிகூட ஆகல."

"அப்ப நட."

அவ்வளவுதான். நின்று ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடச் சபாபதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கு அதற்கு நேரம் இல்லை. சபாபதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஏறினார். ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் என்று அவர் சொன்ன தூரம், ஏறி நடந்தால் ஒரு மணி நேரம் ஆயிற்று.

*

ஈச்சம்பதிக்கு மேற்கே, பாறைக்குக் கீழே, ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்று, தீ தாண்டாதபடி ஒரு நீளக் கோடாகப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு மரகதம்மா நின்றார்.

"நீங்க எப்ப வந்தீங்கம்மா?"

"மூணு நாளாச்சு. ஆம்பளை ஒருத்தன் குறைஞ்சுட்டானே, யாராவது வரோணுமில்லீங்களா? இந்தாங்க."

ஒரு மண்வெட்டி கைக்கு வந்தது. சபாபதி செதுக்கினார். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. "ஏனுங்க படக்காரரே, கேமராவுல செதுக்க முடியாதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மருதி சிரிக்கவில்லை.

கோடு முடிந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் குடிசைப் பக்கம் போனார்கள். செவணன் மேலே ஏறிக் காற்றை மோந்துகொண்டு நின்றான்.

சபாபதி பையைக் கொண்டுவந்து மரகதம்மாவின் காலடியில் வைத்தார்.

"இது எனக்கு வேண்டாங்கம்மா."

"ஏனுங்க?"

"இது ஆளைக் கடிக்குது. என் கோபத்தையும் இதோட சேர்த்து இங்கயே விட்டுட்டுப் போறேன். அன்னிக்குக் கேட்டேனே கேள்வி, அதுக்குப் பதில் இதுதானுங்களே? கோபம் வந்தா இப்படித்தான் ஆகும். இனிமே எனக்குக் கோபமே வேண்டாம்."

மரகதம்மா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"மலை எரியுதுங்கண்ணா," என்றார். "அவன் கன்னத்தைப் பார்த்தீங்களா? அவ அடுப்புல நாலு நாளாக் கஞ்சிதான் கொதிக்குது, பார்த்தீங்களா? இத்தனையும் பார்த்துட்டுக் கோபம் வேண்டாங்கறீங்க. நல்லா இருக்குதுங்க உங்க ஞானம்! யாராவது கேட்டா என் மடத்துல படிச்சதுன்னு சொல்லிராதீங்க."

சபாபதி விழித்தார். "அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

மரகதம்மா பையைத் திறந்தார். கேமராவை எடுத்து அவர் கையில் வைத்தார். பிறகு அவர் தோளைப் பிடித்து, மலைக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார்.

கீழே சமவெளி விரிந்து கிடந்தது. ஆறு வருஷமாக அவர் அங்கிருந்துதான் மலையை எடுத்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து அதை எடுத்ததேயில்லை. நாலுவழிச் சாலையில் எறும்புச்சாரியாக வண்டிகள். எண்ண முடியாத அளவுக்குப் புகைபோக்கிகள். அதற்கப்பால் அவருடைய டவுன், அதற்கப்பால் இன்னொரு பெரிய டவுன். அத்தனைக்கும் மேலே பழுப்பாக ஒரு மூட்டம். ஊசிப்பாறையில் எழும்பிய புகையைப்போல அது எழும்பவும் இல்லை, நெளியவும் இல்லை. போர்த்திய கம்பளிபோல் அசையாமல் கிடந்தது. சூரியன் அதற்குள் இறங்கி, தேய்க்காத பித்தளைத்தட்டுப் போலத் தொங்கியது.

சபாபதி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பெரிய லென்சைத் திருகினார். இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் இறக்கிவிட்டார்.

"எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா," என்றார். "எல்லாம் ஒரே மங்கல். ஒரு மூஞ்சிகூடத் தெரியல."

மரகதம்மா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதனாலதானுங்கண்ணா அந்தப் பக்கம் இதுவரைக்கும் ஒரு ஜீப்பும் போகலை."